உள்ள கெடக்குதே

கணவரின் அண்ணன் பெயரை வாயால் சொல்வது எங்கள் குப்பத்தில் வழக்கமில்லை. எழுதலாமா கூடாதா என்று யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் மாமா என்றே இருக்கட்டும். உயிரோடு இருந்த காலத்தில் மனதுக்குள் அவருக்கு வேறு பல பெயர்கள் வைத்துத் திட்டியிருக்கிறேன். அவையும் இங்கே வேண்டாம்.

பழவேற்காடு ஏரியில் எது விழுந்தாலும், தொலைத்தவனைவிட முதலில் பதறுகிறவர் மாமா. துடுப்பு, தூக்குச்சட்டி, டார்ச் லைட், யாரோ கழற்றி வைத்த சட்டை, எதுவானாலும் சரி. "உள்ள கெடக்குதே" என்பார். அதற்கு மேல் விளக்கமெல்லாம் கிடையாது. கிடக்கிறது என்றால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய நியாயம்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலேயே அது தெரிந்துவிட்டது. எனக்குப் பிறந்த வீடு ஏரிக்கு அந்தப் பக்கம். தாலி கட்டி முடிந்து படகில் அழைத்து வருகிறார்கள். நடு ஏரியில் என் செருப்பு ஒன்று தண்ணீரில் விழுந்துவிட்டது. அறுந்துபோகிற நிலையில் இருந்த செருப்புதான். என் கணவர்கூட, "போனா போவுதுணா, வேற வாங்கிக்கலாம்" என்றார். மாமா அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்துவிட்டார். ஏரி அங்கே மார்பளவுதான் இருக்கும். காலால் சேற்றைத் துழாவிக்கொண்டே வட்டம் போடுகிறார், போடுகிறார், முடிகிற வழியாக இல்லை. உச்சி வெயில். கரையில் கல்யாணச் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது. படகில் இருந்த அத்தனை பேரும், பசி மயக்கத்தில், இன்னும் வீடு வந்து சேராத புது மருமகளான என்னை முறைக்கிறார்கள். செருப்பைத் தள்ளிவிட்டவளே நான்தான் என்பதுபோல.

கடைசியில் எடுத்துவிட்டார். சேற்றை அலசி, என் கால் அருகே வைத்தார். "பாத்து வெச்சிக்கோம்மா" என்றார். அந்தச் செருப்பை நான் அப்புறம் ஒரு நாளும் போடவில்லை. அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

அவர் வீட்டுப் பின்பக்கம் போனால் அவர் எடுத்து வந்த சாமான்களெல்லாம் குவிந்து கிடக்கும். துருவேறிய நங்கூரங்கள், பாதி படகு இன்ஜின், மூடியில்லாத பிளாஸ்க், சைக்கிள் ஹேண்டில்பார். ஏரிக்குள் சைக்கிள் எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒரு நாள் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே அக்கா சொன்னார்: "இந்த வூட்ல தண்ணியிலேர்ந்து வராதது நான் ஒருத்திதான்."

என் கணவரின் செல்போன் ஒருமுறை படகுத்துறையில் விழுந்தது. அவர் வேறு போன் வாங்கி, அதில் பேசிப் பழகியும்விட்டார். அதற்கப்புறம் மாமா பழைய போனை எடுத்துக்கொண்டு வந்தார். அரிசிப் பானையில் புதைத்து வைத்துக் காய வைத்தார். அது உயிர் பெறவே இல்லை. ஆனால் தினமும் சார்ஜ் போட்டு எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார். செத்த போனுக்குச் சார்ஜ் போடுகிற மனிதரிடம் என்ன பேசுவது, சொல்லுங்கள்.

ஏன் இப்படி என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் எதையும் நம்பியதில்லை. சிலர் தூக்கத்தில் பல்லைக் கடிப்பார்கள், அதற்குக் காரணமா இருக்கிறது? இவருக்கு இது. இதோடு நின்றிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். எங்கள் ஊர் போர்வெல் மோட்டார் விஷயத்தில் அப்படிச் சிரிக்க முடியவில்லை.

எங்கள் குப்பத்தில் எங்கே தோண்டினாலும் உப்பு. கையால் தோண்டினாலும் உப்பு, லாரி வைத்துத் தோண்டினாலும் உப்பு. கோயிலுக்குப் பின்னால் ஒரே ஓர் இடத்தில்தான் ஆழத்தில் நல்ல தண்ணீர் கிடைத்தது. அதிலும் மேல்மண்ணில் உப்புதான். அந்த உப்பு உள்ளே வராதபடி மேலிருந்து ஆழம்வரை ஒரு நீலப் பிளாஸ்டிக் குழாய் இறக்கியிருந்தார்கள். கேசிங் என்பார்கள். அதற்குள்ளே பைப், பைப்பின் அடியில் மோட்டார். ஊர் முழுக்க அந்த ஒரு போரைத்தான் நம்பியிருந்தது. படகுத்துறையில் டீக்கடை வைத்திருந்த நான் மற்றவர்களைவிட ஒரு படி அதிகமாகவே நம்பியிருந்தேன். உப்புத் தண்ணீரில் சோறு வடிக்கலாம், குழம்பில் உப்பைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கலாம். டீ போட முடியாது. பால் திரிந்துவிடும். என் கணவர் பாதி நாள் ஏரியிலிருந்து வெறுங்கையோடு வருகிறவர். எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது கடை அடுப்பால்தான்.

பைப்பை மேலே பிடித்துக்கொண்டிருந்த இரும்பு கிளாம்ப் உப்புக் காற்றில் இற்றுப்போயிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. ஒரு காலை அது உடைந்து, பைப்பும் கேபிளும் மோட்டாரும் தடதடவென்று உள்ளே போய்விட்டன. குடத்தோடு வரிசையில் நின்றிருந்த நாங்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டோம். எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோது, மாமா மட்டும் போர் வாயில் குனிந்து உள்ளே பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்தேன். செருப்புக்காகக் குதித்தபோது இருந்த அதே முகம்.

"உள்ளதான் கெடக்குது" என்றார்.

தொலைந்த வலையைத் தேட அவரிடம் ஒரு கொக்கி உண்டு. நாலு முனை வைத்த இரும்பு. கயிற்றில் கட்டி ஏரியடியில் இழுத்துக்கொண்டே போவார், எதிலாவது மாட்டினால் சுண்டி இழுப்பார். அதைப் பட்டறையில் கொடுத்துப் போருக்குள் போகிற அளவுக்கு ஒடுக்கி வாங்கி வந்தார்.

இதற்குள் ஊர்ப் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். இங்கே ஏரியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வலை கட்டுகிற இடங்களுக்குப் பாடு என்று உண்டு. குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டு என்று கணக்கு வைத்து, சீட்டுப் போட்டு, முறை பிரித்துக்கொள்வார்கள். அன்றைக்கு யார் பாடோ அவர்தான் அந்த இடத்தில் வலை இறக்கலாம். அடுத்தவன் பாட்டில் இன்னொருவன் ஒரு கயிறுகூடப் போட மாட்டான். ஏரியில் சண்டை வராமல் இருப்பது இதனால்தான், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இவர்கள் போருக்கும் பாடு வைத்தார்கள். போர் எல்லோருக்கும் பொது, அதில் ஒருவர் மட்டும் கொக்கி போட்டால் நாளைக்குப் பேச்சு வரும், அதனால் தினம் ஒரு தலைக்கட்டு கொக்கி இறக்கட்டும் என்று முடிவு. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மாமாவுக்கு அது வசதியாகப் போயிற்று. யார் பாடாக இருந்தாலும் அவர் போய் நிற்பார். "பாடு உன்னுதுபா, கை என்னுது" என்று கயிற்றை வாங்கிக்கொள்வார். காலையில் ஆரம்பித்தால் வெயில் சாயும்வரை. கொக்கியை இறக்குவது, குத்துவது, சுண்டுவது. பக்கத்தில் நாலு பேர் குந்தி உட்கார்ந்து, "மாட்டிகிச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஏரியில் அப்படித்தான் செய்வார்கள், அதனால் இங்கேயும்.

நான்தான் என் கணவரை அரித்தெடுத்து, அனுப்பம்பட்டிலிருந்து போர் மெக்கானிக் ஒருவரை வரவழைத்தேன். வயல் பக்கத்துப் போர்களில் விழுந்த மோட்டார்களை எடுப்பதுதான் அவர் தொழில். முன்கோபக்காரர். வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக, "நவுருங்க, நவுருங்க" என்று போரை நோக்கிப் போனார்.

மாமா கயிற்றை விடவில்லை. "இன்னிக்கு உன் பாடு இல்லியேபா" என்றார்.

"இன்னாது?"

"பாடு. இன்னிக்கு வேற ஒருத்தருது. நீ ஊர்த் தலக்கட்டும் இல்ல. பெரியவங்களாண்ட கேட்டுதான் உனுக்கு ஒரு நாளு வெக்கணும்."

மெக்கானிக் முதலில் அதை விளையாட்டு என்றே நினைத்தார். சுற்றிலும் பார்த்தார். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. "பாடா? நான் இன்னா இங்க எறா புடிக்கவா வந்தேன்?" என்று கேட்டார். பெரியவர்கள் ஏரிக்குப் போயிருந்தார்கள். அவர்கள் வருகிறவரை பொறுக்கச் சொன்னோம். என் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பாலில்லாத டீ கொடுத்தேன், அதையும் பாதியில் வைத்துவிட்டார். வண்டியை உதைத்துக் கிளப்பும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "அந்தப் பெருசாண்ட சொல்லு. கொக்கிய வெச்சி குத்தினா ஒயரு போயி மோட்டாரு தலைல கட்டியா உக்காந்துக்கும். அப்பறம் பலவந்தமா இழுத்தா கேசிங் கிழியும். கேசிங் போச்சின்னா மோட்டாரு கெடச்சும் ஒண்ணும் பிரயோஜனம் இல்ல."

கணவரின் அண்ணனிடம் நேருக்கு நேர் நின்று பேசுவது எங்களில் மரியாதை இல்லை. அன்றைக்கு எனக்கு மரியாதையெல்லாம் மறந்துபோயிற்று. போய் நின்றேன்.

"மாமா, அவரு சொல்றதக் கேளுங்க. பைப்பு கிழிஞ்சிடும்னு சொல்றாரு."

"எவ்ளோ வலை எட்த்துகிறேன் நானு. ஒண்ணு கிழிஞ்சிருக்கா?"

"ஏரி வேற, போர் வேற மாமா."

"தண்ணி ஒண்ணுதானம்மா" என்றார். சொல்லிவிட்டுக் கொக்கியை இறக்கினார்.

அப்புறம் வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு இடுப்பு வலிக்கிறது. டேங்கர் லாரி நினைத்தால் வரும், நினைத்தால் வராது. வந்த அன்று குடத்துக்குக் குடம் சண்டை. மற்ற நாட்களில் பக்கத்து ஊர்வரை தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போவோம். அந்த ஊர்ப் பெண்கள் தங்களுக்குப் பிடித்தது போக விடுகிற தண்ணீருக்காக, கை கட்டிக்கொண்டு ஓரமாக நிற்போம். கொண்டு வருகிற தண்ணீர் வீட்டுக்குக் குடிக்கவே பற்றாது, கடைக்கு எங்கே போக? பால்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏரியிலிருந்து குளிரில் நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள் கடையை எட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் பஸ் நிறுத்தத்துக் கடைக்கு நடப்பார்கள். அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு காலி அடுப்பின் முன் உட்கார்ந்திருப்பேன்.

கோயில் பின்னாலிருந்து, "மாட்டிகிச்சா?" என்ற குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அக்காவிடம் போய்க் கத்தினேன். "நீங்களாவது சொல்லக்கூடாதாக்கா? ஊரே நாக்கு வறண்டு கெடக்குது."

அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "சொல்லாம இருப்பனா? சோத்துல கைய வெச்சிகினு அந்தப் போரையே நெனச்சிகினு கீறாரு. நேத்து தூக்கத்துல கையி இப்டி இப்டி சுண்டுது" என்று செய்து காட்டினார். இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்ததற்கும் சேர்த்து எனக்கு ஆத்திரம் வந்தது.

கடைசியில் நானே கிளம்பினேன். பெரியவர்கள் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் நின்று, மெக்கானிக்குக்கு ஒரு பாடு ஒதுக்கச் சொல்லிக் கேட்டேன். வெளியாளுக்குப் பாடு கொடுத்த வழக்கமே இல்லை என்றார்கள். எங்கள் வீட்டுத் தலைக்கட்டுக்கு வருகிற பாட்டை அவருக்குக் கொடுக்கிறேன் என்றேன். அதற்குத் தலையாட்டினார்கள். பஸ் பிடித்துப் பொன்னேரி போய், அங்கிருந்து அனுப்பம்பட்டு போய், அவர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன்.

"மறுபடியும் உங்க ஊருக்கா? வந்து வரிசைல நிக்கணுமா?" என்றார்.

"வரிசை இல்லீங்க. நாளைக்கு எங்க பாடு. அது உங்களுக்குத்தான்."

"காலைல வரேன். அதுவரைக்கும் யாரும் அதுல கைய வெக்கக்கூடாது" என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

குப்பத்தில் இறங்கும்போதே கூட்டம் தெரிந்தது. போருக்கு மேல் சவுக்குக் கழிகளால் முக்காலி கட்டி, படகை இழுக்கிற செயின் பிளாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே தரையில், சேறும் சிக்கலுமாகக் கேபிள் சுருண்டிருக்க, நடுவில் மோட்டார் கிடந்தது. கொக்கி வசமாக மாட்டியதும் ஊர் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து இழுத்திருக்கிறார்கள். யாரோ கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். மாமா உடம்பெல்லாம் சேறு, உள்ளங்கைகள் கிழிந்து ரத்தம். என்னைப் பார்த்ததும், "கெடச்சிடுச்சும்மா" என்றார்.

எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லமாட்டேன். போய் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன். நாளைக்குப் பால்காரரை வரச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

சொன்னபடி மறுநாள் காலை மெக்கானிக் வந்தார். தரையில் கிடந்த மோட்டாரைப் பார்த்தார், மோட்டாரில் ஒட்டிக்கொண்டிருந்த நீலப் பிளாஸ்டிக் சிம்பு ஒன்றைக் கிள்ளி எடுத்துப் பார்த்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மோட்டாரைப் பழுது பார்த்து, புதுக் கிளாம்ப் போட்டு இறக்கிக் கொடுத்தார். கலங்கல் தண்ணீர் போய்த் தெளியட்டும் என்று ஓட விட்டார்கள். தெளிந்ததும் முதல் குடத்தை மாமாவே தோளில் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். பின்னாலேயே மெக்கானிக்கும் பாதிக் குப்பமும். "எல்லாருக்கும் டீ போடும்மா" என்றார்.

அடுப்பைப் பற்றவைத்தேன். பாலும் தண்ணீரும் கலந்து ஏற்றினேன். பொங்கி வருகிற நேரத்தில் பால் கட்டி கட்டியாகப் பிரிந்தது.

பால் கெட்டுப்போயிருக்கும் போல என்று யாரோ சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைக்க விரும்பினேன். பாத்திரத்தைக் கழுவி, கடையில் போய்ப் புதுப் பாக்கெட் வாங்கி வந்து ஊற்றினேன். அதுவும் திரிந்தது. மெக்கானிக் பெஞ்சிலிருந்து எழுந்திருக்காமலே சொன்னார்: "கேசிங் கிழிஞ்சிடுச்சி. மேலாப்ல இருந்து உப்பு எறங்குது. இனிமே இது இப்டித்தான்."

மாமா குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் கீது" என்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்குக் கொதிக்கிற பாலை அவர் மேல் ஊற்றியிருப்பேன். பாத்திரத்தைத் தெருவில் கவிழ்த்துவிட்டுக் கடையைச் சாத்தினேன். தப்பாப் போச்சும்மா என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் என் வயிறு ஆறியிருக்கும். அதை அவர் அன்றும் சொல்லவில்லை, என்றும் சொல்லவில்லை. ஊரிலும் யாரும் கேட்கவில்லை. எல்லோர் பாடும் அதில் இருந்ததே, யாரை யார் கேட்பது?

எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வந்தது வெகு காலம் கழித்துத்தான். அதுவரை தள்ளுவண்டிதான். குழாய் வந்த பிறகு மறுபடி கடை திறந்தேன். கோயில் பின்னாலிருக்கும் போர்த் தண்ணீர் பாத்திரம் கழுவவும் படகு அலசவும் என்று ஆகிவிட்டது.

மாமா மட்டும் அதைத்தான் குடித்தார். அக்காவுக்குக் குழாய்த் தண்ணீர், அவருக்குப் போர்த் தண்ணீர் என்று வீட்டில் இரண்டு குடம். அக்கா அழுது பார்த்தார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரை விட்டுத் திட்ட வைத்தும் பார்த்தார். "நல்லாத்தான் கீது" என்பார். தினம் காலையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் அந்தத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு என் கடைக்கு வருவார். பாட்டிலை மேடையில் வைத்துவிட்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வார். அதில்தான் அவருக்கு டீ போட வேண்டும். அதற்கென்றே ஒரு சின்னப் பாத்திரம் ஒதுக்கி வைத்திருந்தேன். பால் திரியும். திரிந்ததைத்தான் ஊதி ஊதிக் குடிப்பார். மற்றவர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். ஒவ்வொரு நாளும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரைத் தண்டிக்கிறார் இவர், என்னையா, தன்னையா? இல்லை, உண்மையிலேயே நாக்கு செத்துப்போய்விட்டதா?

அவர் போவதற்குச் சில மாதங்களுக்கு முன், நன்றாக மெலிந்திருந்தார். துறை வரை நடந்து வருவதற்கே மூச்சு வாங்கியது. அன்று காலை எனக்கு மனது கேட்கவில்லை. அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாட்டிலைத் திறந்து சத்தமில்லாமல் கீழே ஊற்றிவிட்டேன். குழாய்த் தண்ணீரில், இஞ்சி தட்டிப் போட்டு, நல்ல டீயாகப் போட்டுக் கொடுத்தேன். பால் திரியவில்லை.

ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். பிறகு பெஞ்சின் மேல் வைத்துவிட்டார். கோபமெல்லாம் இல்லை. காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு, பெஞ்சைப் பிடித்து எழுந்து, கோயில் பக்கம் நடக்க ஆரம்பித்தார். நின்று நின்று போனார். நிரப்பிக்கொண்டு, அதே மாதிரி நின்று நின்று வந்தார். என் முன்னால் பாட்டிலை வைத்தார்.

"இதுல போடும்மா" என்றார். "அது எல்லாருக்கும் போட்ற தண்ணி."

எனக்கு அவரிடம் கத்த வேண்டும் போல இருந்தது. அந்தச் சின்னப் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தேன்.